எழுபதை ஒட்டிய பெற்றோருக்கு எந்தெந்தப் பரிசோதனைகள் உண்மையில் பயன்படும்?

கேள்வி: செம்பூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, என் பெற்றோர் இப்போது எங்களோடு வந்து தங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு வயது 74. நெடுநாளாகப் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சிகரெட்டை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். இருவரும் தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். சொல்லும்படியான தொந்தரவு எதுவும் இல்லை.

எங்கள் சொசைட்டியில் ஒரு லேப் முகாம் நடத்தப் போகிறது. எண்பதுக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் அடங்கிய ‘முழு உடல் பேக்கேஜ்’ ஒன்றை மூத்த குடிமக்களுக்குச் சலுகை விலையில் தருகிறார்கள். கூடுதலாகப் பணம் கட்டினால் புற்றுநோய்க்கான ரத்தக் குறியீடுகள், ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, டிரெட்மில் எல்லாம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன், செலவைத் தானே ஏற்பதாகவும் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் எடுத்துவிடும்படியும் சொல்கிறான். அப்பாவோ, உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது எதற்கு ஊசி என்று மறுக்கிறார். எனக்கு இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இந்த வயதில் உண்மையில் பயன்தரும் பரிசோதனைகள் எவை, தவிர்க்க வேண்டியவை எவை, அதை எந்த அடிப்படையில் முடிவு செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். அண்ணனிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதால் காரணத்தையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: முலுண்ட் ஆய்வகப் பணியாளர்

நான் ஒரு ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எண்பது பரிசோதனை என்ற கணக்கை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். சிபிசி எனப்படும் ரத்த அணுப் பரிசோதனையில் ஒரு சின்னக் குழாய் ரத்தத்தை ஒரே கருவியில் வைக்கிறோம். ஆனால் அந்தக் கருவி தரும் இருபது சொச்சம் எண்கள் ஒவ்வொன்றும் விளம்பரத்தில் தனித்தனிப் பரிசோதனையாக எண்ணப்படுகிறது. கொழுப்புப் பரிசோதனையில் வரும் விகிதங்களுக்குத் தனியாக எந்தச் சோதனையும் கிடையாது; ஓர் எண்ணை மற்றோர் எண்ணால் வகுத்து எழுதுகிறோம், அவ்வளவுதான். ஆகவே எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

அடுத்து, ரிப்போர்ட்டில் அச்சிடப்படும் ‘இயல்பு எல்லை’ எப்படி வருகிறது என்பதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமானவர்கள் பலரைப் பரிசோதித்து, அவர்களில் நூற்றுக்கு 95 பேருடைய அளவுகள் அடங்கும் எல்லையைத்தான் பெரும்பாலான பரிசோதனைகளில் இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். எந்த நோயும் இல்லாத மீதி ஐந்து பேர் அந்த எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 அளவுகளை ஒரே நாளில் எடுத்தால், முழு ஆரோக்கியத்துடன் இருப்பவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை மீறியதாகத் தடித்த எழுத்தில் வருவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 40 அளவுகள் என்றால் அது 87 விழுக்காடு. உண்மையில் பல அளவுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் இந்த எண்கள் சற்றுக் குறையும். இருந்தாலும் எண்பது எண்கள் கொண்ட தாளில் ஒரு தடித்த எழுத்துகூட இல்லாமல் வீடு திரும்பும் முதியவரை நான் பார்ப்பது அபூர்வம்.

வயதானவர்களிடம் இது இன்னும் கூடுதல். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் வயதோடு ஏறக்கூடியது. ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி வரை இருக்கலாம் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதன்படி உங்கள் அப்பாவுக்கு 37, அம்மாவுக்கு 39 வரை கவலையில்லை. ஆனால் எல்லா வயதினருக்கும் ஒரே எல்லையை அச்சிடும் தாளில் அது சிவப்பாகத்தான் வரும். வாதக் காரணி என்ற ஆர்ஏ ஃபாக்டர் மூட்டு வாதமே இல்லாத முதியவர் பலருக்கும் பாசிட்டிவாக வரும். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் அளவும் வயதோடு சிறிது உயரும். 65 வயதைத் தாண்டியவர்களில் டிஎஸ்ஹெச் மட்டும் லேசாக உயர்ந்திருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த ‘டிரஸ்ட்’ ஆய்வு 2017இல் வெளியானது. மாத்திரையால் அவர்களுடைய சோர்வோ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்து ஆயுள் முழுவதும் மாத்திரை தொடங்கிவிடும் குடும்பங்கள் நிறைய.

பேக்கேஜுக்குள் அம்மாவுக்கு உண்மையாகவே உதவக்கூடியது ஒன்று உண்டு. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு, அதிலும் சைவ உணவுக்காரர்களுக்கு, பி12 குறைவது சகஜம். அதைப் பார்ப்பதும் எளிது, சரிசெய்வதும் எளிது.

பதில்: மாட்டுங்கா மருத்துவர்

நான் ஓய்வுபெற்ற பொது மருத்துவன். மேலே எழுதிய நண்பர் ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டதால் மற்றவற்றை எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் எழுதுவதால், இதை உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசுவதற்கான குறிப்பாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

நோயின் அறிகுறி இருந்து அதன் காரணத்தைத் தேடுவது வேறு, அறிகுறியே இல்லாதவரிடம் நோயைத் தேடுவது வேறு. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தால் ஈசிஜியும் எக்கோவும் உடனே எடுக்க வேண்டும். அதில் விவாதமே இல்லை. நலமாக இருக்கும் ஒருவரிடம் தேடும்போதுதான் நிபந்தனைகள் வருகின்றன. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் வகுத்த நெறிகளை இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அவற்றின் சாரம் இதுதான்: நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், அறிகுறி தோன்றுவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், கண்டுபிடித்தால் ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும். முதியவர்களுக்கு நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன்: அந்தப் பலன் கைக்கு வர எத்தனை ஆண்டு ஆகும்? மார்பகப் புற்றுநோய்க்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் பரிசோதனை செய்துகொள்வதன் பலன் கணிசமாகத் தெரிய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகின்றன. பரிசோதனையின் தொந்தரவோ அந்த வாரமே தொடங்கிவிடுகிறது. எனவே வயதைவிட, அவர் இன்னும் பத்து ஆண்டு நல்லபடியாக வாழக்கூடிய உடல்நிலையில் இருக்கிறாரா என்பதையே பார்க்க வேண்டும்.

இதைக் கொண்டு உங்கள் அப்பாவைப் பார்ப்போம். அவருக்கு முதல் பரிசோதனை பிரஷர்தான், அதுவும் உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை. நிற்கும்போது மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். இரவில் கழிவறைக்கு எழும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் பலரிடம் இதை யாரும் முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை என்பதை நான் வருத்தத்துடன் கவனித்திருக்கிறேன். இந்த வயதில் பிரஷரைக் கட்டுப்படுத்துவதால் பலன் உண்டா என்ற சந்தேகம் வேண்டாம். 80 வயதை எட்டியவர்களிடமே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ‘ஹைவெட்’ ஆய்வில், மருந்து எடுத்தவர்களிடையே இதயச் செயலிழப்பும் மரணமும் தெளிவாகக் குறைந்தன. பிரஷர் பார்க்கும்போதே நாடியைத் தொட்டுப் பார்த்தால், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பது தெரிந்துவிடும். அப்படி இருந்தால் ஈசிஜி எடுத்து உறுதிசெய்து, ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்துப் பக்கவாதத்தைப் பெருமளவு தடுக்கலாம். இவை இரண்டுக்கும் ஊசியே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

புகைத்தவர் என்பதால் வயிற்றின் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என்று ஓர் அல்ட்ராசவுண்ட். நோய்த் தடுப்புக்கான பரிசோதனைகளைப் பரிந்துரைக்கும் அமெரிக்கப் பணிக்குழு, எப்போதாவது புகைத்த 65 முதல் 75 வயது வரையிலான ஆண்களுக்கு இதை வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்யச் சொல்கிறது. வீட்டில் டார்ச் வெளிச்சத்தில் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் காட்டிவிட வேண்டும். திருவனந்தபுரம் பகுதியில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வில், புகையிலையும் மதுவும் பழகியவர்களிடையே இவ்வாறு கண்ணால் பார்க்கும் பரிசோதனை வாய்ப் புற்றுநோய் மரணங்களைக் குறைத்தது. நுரையீரல் புற்றுநோயைத் தேடும் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் அவருக்குப் பொருந்தாது. புகையை விட்டு 15 ஆண்டுகள் ஆகிவிட்டவர்களை மேற்படிப் பணிக்குழுவே சேர்ப்பதில்லை. நம் நாட்டில் பழைய காசநோய்த் தழும்புகள் பலருடைய நுரையீரலில் இருப்பதால் தேவையில்லாத கலவரமும் மிகுதி.

பிஎஸ்ஏ, கழுத்து டாப்ளர் இரண்டையும் விட்டுவிடுங்கள். 70 வயதுக்கு மேல் பிஎஸ்ஏ பரிசோதனை வேண்டாம் என்று 2018இலும், அறிகுறி இல்லாதவருக்குக் கழுத்து ரத்தக்குழாய்ப் பரிசோதனை வேண்டாம் என்று 2021இலும் அந்தப் பணிக்குழு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. கழுத்தில் அடைப்பு போலத் தெரிந்தால் அடுத்து ஆஞ்சியோகிராம், அதற்கடுத்து அறுவை சிகிச்சை என்று போகும். தடுக்க நினைத்த பக்கவாதமே அந்தச் சிகிச்சைகளின்போது வரக்கூடும். டிரெட்மில்லும் எக்கோவும் தொந்தரவு இல்லாதவருக்குத் தேவையில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஆண்டுக்கொரு முறை விழித்திரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் அல்புமின், ரத்த கிரியேட்டினின், பாதத்தில் உணர்ச்சி, இவற்றைப் பார்ப்பதை எக்காரணத்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இவை எந்த முகாம் பேக்கேஜிலும் முழுதாக இருப்பதில்லை. பாதத்தை யாராவது குனிந்து தொட்டுப் பார்த்தாக வேண்டும். மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி பார்க்கும்போது ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் ரத்தசோகை அந்த எண்ணைப் பிறழச் செய்யும். 65 வயதைக் கடந்த பெண் என்பதால் எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் ஒரு முறை எடுப்பது நல்லது.

இருவருக்கும் கண், காது, கடந்த ஓராண்டில் விழுந்தார்களா என்ற ஒரு கேள்வி, அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுவது. கடைசியில் சொன்னதைப் பரிசோதனை என்று யாரும் கருதுவதில்லை, ஆனால் என் அனுபவத்தில் அதைவிட அதிகம் பயன்பட்டது வேறொன்றும் இல்லை.

பதில்: டோம்பிவலி மருமகன்

பிஎஸ்ஏ பற்றி மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் மாமனாருக்கு 76 வயதில், எந்தத் தொந்தரவும் இல்லாதபோது, ஒரு பேக்கேஜில் அந்த எண் உயர்ந்து வந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் உடனே ஊசியால் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்தார்கள். மறுநாள் இரவு குளிர்ஜுரம் வந்து, கிருமித்தொற்று என்று அனுமதிக்கப்பட்டு, தேறி வீடு திரும்பியபோது பாதியாய் இளைத்திருந்தார். முடிவில் வந்தது மிக மெதுவாக வளரும் வகை. சிகிச்சை தேவையில்லை, கவனித்து வந்தால் போதும் என்று இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் சொன்னார். ஆனால் புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவர் பழைய மனிதராக இல்லை. சாயங்கால நடையும் கோயிலும் நின்றுபோயின. இந்த எண் உயர்ந்தால் அடுத்து என்னவெல்லாம் நடக்கும் என்று ரத்தம் எடுப்பதற்கு முன் ஒருவராவது அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

பதில்: செம்பூர் மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். எந்தப் புற்றுநோயானாலும் முன்னதாகத் தெரிந்துகொள்வது நல்லதுதானே, குறியீடுகளையாவது பார்த்துவிடலாமே என்பதில் மட்டும் அவன் உறுதியாக இருக்கிறான். இன்னொன்று: அம்மாவுக்கு மார்பகத்துக்கோ கருப்பை வாய்க்கோ இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை. இனிமேல் செய்வதில் பொருள் உண்டா?

பதில்: மாட்டுங்கா மருத்துவர்

உங்கள் அண்ணனின் கவலை அன்பினால் வருவது, அதை மதிக்கிறேன். அவரிடம் தென்கொரியாவைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே மற்றப் பரிசோதனைகளோடு தைராய்டுக்கும் அல்ட்ராசவுண்ட் எடுப்பது பரவலானதில், 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 15 மடங்கு பெருகியது. முன்னதாகக் கண்டுபிடிப்பது உயிரைக் காத்திருந்தால் மரணம் குறைந்திருக்க வேண்டும்; அது இருந்த இடத்திலேயே இருந்தது. சுரப்பியை இழந்து ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்தான் பெருகினார்கள். அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்படாமலே இருந்திருந்தால் யாருக்கும் தீங்கு செய்திருக்காது.

ரத்தக் குறியீடுகள் இதைவிட பலவீனமானவை. சிஇஏ, சிஏ 19-9, சிஏ 125 ஆகியவை பெரும்பாலும் நோய் உறுதியான பிறகு சிகிச்சையின் போக்கைக் கவனிக்கப் பயன்படுபவை. புகைப்பவர்களுக்குச் சிஇஏ உயரும்; பித்தப்பைக் கோளாறில் சிஏ 19-9 உயரும். சிஏ 125ஐக் கொண்டு சினைப்பைப் புற்றுநோயைத் தேடிய பிரிட்டனின் மிகப் பெரிய ஆய்வு, இரண்டு லட்சம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த பிறகும் மரணத்தைக் குறைக்கவில்லை என்று 2021இல் அறிவித்தது. அளவு சரியாக இருந்தால் நோய் இல்லை என்றும் பொருளில்லை, ஆகவே அண்ணன் எதிர்பார்க்கும் நிம்மதியையும் அது தராது.

அம்மாவைப் பற்றிய கேள்வி மிக முக்கியமானது; அதற்கான சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, மும்பையின் குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த, 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து, வினிகர் போன்ற அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கவும், மார்பகத்தைக் கையால் சோதிக்கவும் செய்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 31 விழுக்காடு குறைந்தது. மார்பகத்தில், 50 வயதைக் கடந்தவர்களிடம் மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்ததையும் இளையவர்களிடம் அந்தப் பலன் இல்லாததையும் 2021இல் வெளியிட்டார்கள். விலை உயர்ந்த கருவி ஏதும் இல்லாமல், தாராவி போன்ற இடங்களில் வாழும் பெண்களுக்கே எட்டக்கூடிய வழியில் இது நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

அம்மா அந்த வயது வரம்பைச் சற்றுக் கடந்தவர். இருந்தாலும், கருப்பை வாய்ப் பரிசோதனையை 65 வயதோடு நிறுத்தலாம் என்ற விதி அதற்கு முன் முறையாகச் செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு முறைகூடச் செய்யாதவருக்கு இப்போது அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் ஹெச்பிவி பரிசோதனை ஒன்று செய்துவிட்டு நிறுத்துவதே முறை. மார்பகத்தைப் பயிற்சி பெற்ற மருத்துவரோ செவிலியரோ கையால் பார்க்கட்டும். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமை 74 வயது வரை ஈராண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம் என்று அமெரிக்கப் பணிக்குழு சொல்கிறது. நலமாக இருக்கும் உங்கள் அம்மாவுக்கு அது பொருத்தமானதே.

பெருங்குடலை விட்டுவிட்டேன். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. 75 வயது வரை பரிந்துரைக்கிறார்கள். இந்த நோய் நம் நாட்டில் மேலை நாடுகளைவிடக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதில் அப்பாவின் விருப்பமே முடிவு. பாசிட்டிவ் என்று வந்தால், குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்குச் சம்மதிப்பாரா என்று முதலில் கேளுங்கள். மாட்டேன் என்றால் மலத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

பதில்: மாட்டுங்கா மூத்த வாசகர்

எனக்கு வயது 79. மகளின் கேள்விக்கு எல்லோரும் அக்கறையோடு பதில் சொல்லியிருக்கிறீர்கள். முதியவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். காது மந்தமானதை நான் பல ஆண்டுகள் பிள்ளைகளிடம் மறைத்தேன். கேட்டாலும் வயதானால் அப்படித்தான் என்று சொல்லிவிடுவேன். சபாவில் கச்சேரிக்குப் போவதை நிறுத்தினேன், தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினேன், வீட்டில் நான்கு பேர் பேசும்போது எழுந்து அறைக்குப் போய்விடுவேன். ஞாபக மறதி தொடங்கிவிட்டது என்றே மருமகள் பயந்தாள். காதுக் கருவி பொருத்திய பிறகுதான் அது மறதி அல்ல, கேட்கவில்லை என்பதே காரணம் என்று தெரிந்தது. ஆகவே அம்மா, ரத்தம் எடுக்கும் முகாமுக்கு முன்னால் உங்கள் அப்பாவையும் அம்மாவையும் ஒரு முறை காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். கேட்கிறதா என்று அவர்களிடம் கேட்டால் கேட்கிறது என்றுதான் சொல்வோம்.

பதில்: செம்பூர் மகள்

அனைவருக்கும் மீண்டும் நன்றி. முகாம் பேக்கேஜை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அப்பா பிரஷர், வயிற்று அல்ட்ராசவுண்ட், காது, கண் ஆகியவற்றுக்கு ஒப்புக்கொண்டார். கொலனோஸ்கோபிக்கு ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் மலப் பரிசோதனையை விட்டுவிட்டோம். அம்மா மகளிர் மருத்துவரிடம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். குறியீடுகளைப் பற்றி அண்ணன் இன்னும் முழுமையாகச் சமாதானம் ஆகவில்லை. நீங்கள் எழுதியதை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று மட்டும் தெரிவிக்க முடியுமா?

பதில்: முலுண்ட் ஆய்வகப் பணியாளர்

ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின், பி12 எதற்கும் வெறும் வயிறு தேவையில்லை. கொழுப்புக்கும் பெரும்பாலும் கட்டாயமில்லை. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகவும் உயர்ந்து வந்தால் மட்டும் மறுமுறை வெறும் வயிற்றில் எடுப்போம். மருத்துவர் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கேட்டிருந்தால் முந்தைய இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரம் போதும், தண்ணீர் குடிக்கலாம். காலையில் முதல் ஆளாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு சர்க்கரை மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். கையில் இரண்டு இட்லி எடுத்துச் செல்லுங்கள், லேப் வாசலில் வரிசை நீண்டுவிட்டால் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது.